மலைச் சைக்கிள்: எதை முதலில் மாற்றுவது, எப்படி ஓடுவது?

ஊரில் சைக்கிள் ஓடத் தெரியாதவர்கள் எங்களில் மிகக் குறைவு. 1990களில் எரிபொருள் தடை இருந்த யாழ்ப்பாணத்தில் நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும், விறகு ஏற்றியதும், பிள்ளைகள் ரியூசனுக்குப் போனதும் சைக்கிளில்தான். அதே ஆட்கள் ரொறன்ரோவுக்கு வந்து கார் வாங்கியபின் சைக்கிள் பிள்ளைகளின் விளையாட்டுச் சாமானாகிவிட்டது. நாற்பது, நாற்பத்தைந்து வயதில் வைத்தியர் "சீனி கூடத் தொடங்குகிறது, உடற்பயிற்சி செய்யுங்கள்" என்று சொன்னபிறகு பலர் மறுபடியும் சைக்கிள் கடைப் படி ஏறுகிறார்கள். மகனோ மருமகனோ காட்டுப் பாதையில் ஓடுவதைப் பார்த்து, தாங்களும் ஒரு மலைச் சைக்கிள் வாங்குகிறார்கள்.

நல்ல விடயம்தான். ஆனால் விலை கூடிய சைக்கிளை வாங்கி, அதற்கு மேல் பாரம் குறைந்த பாகங்களையும் பூட்டி, இரண்டாம் கிழமையே விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டால், அந்தச் சைக்கிள் கராஜ் சுவரில்தான் தொங்கும். வாங்கியதும் எதைச் சரிசெய்ய வேண்டும், காசு செலவழிப்பதாயின் எந்த ஒழுங்கில் செலவழிக்க வேண்டும் என்பதை இம்முறை பார்ப்போம்.

எந்த வகைச் சைக்கிள்?

மலைச் சைக்கிள்களை அவற்றின் சஸ்பென்சன் எவ்வளவு தூரம் அமுங்கும் என்பதை வைத்துப் பிரிப்பார்கள். மலையுச்சியிலிருந்து கீழே பாய்வதற்கான சைக்கிள்களில் அது 200 மில்லிமீற்றர் அளவில் இருக்கும். நாம் பேசுவது 110 முதல் 130 மில்லிமீற்றர் வரை அமுங்கும், 29 அங்குலச் சில்லுப் பூட்டிய, ஏறக்குறைய 12 முதல் 14 கிலோ பாரமுள்ள சைக்கிள். ஒன்ராறியோவின் தென்பகுதியில் பெரிய மலை இல்லை. வேர், சிறு கல், குறுகிய ஏற்றம், உடனே ஒரு இறக்கம் என்றுதான் பாதைகள் இருக்கும். அதற்கு இந்த வகை தாராளமாகப் போதும். மிதித்த பலம் சஸ்பென்சனில் வீணாகாமல் சில்லுக்குப் போகும்.

ஆனால் அமுங்கும் தூரம் குறைவு என்பதால் மீதி அதிர்ச்சியை உங்கள் முழங்காலும் முழங்கையும்தான் வாங்க வேண்டும். ஓடுபவரே பாதிச் சஸ்பென்சன். உடலுக்குப் பயிற்சி கிடைப்பதும் இதனால்தான், பழக்கமில்லாதவர் விழுவதும் இதனால்தான்.

உடலுக்கு என்ன இலாபம்?

வளர்ந்தவர்களுக்குக் கிழமைக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடற்பயிற்சி, அல்லது 75 முதல் 150 நிமிடக் கடுமையான பயிற்சி தேவை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டல். பேச முடியும், பாட முடியாது என்றால் அது மிதமான பயிற்சி. நாலு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் அது கடுமையானது. காட்டுப் பாதையில் இரண்டும் மாறி மாறி வரும்.

தெற்காசியர்களாகிய எங்களுக்கு, பார்வைக்கு மெலிவாக இருக்கும்போதே நீரிழிவும் இருதய நோயும் வந்துவிடுகின்றன. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றரையும் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரையும் எட்டினாலே கவனிக்க வேண்டும். வேலை செய்யும் தசை இரத்தத்திலுள்ள சீனியை இழுத்துக்கொள்கிறது. அந்தப் பலன் ஓரிரு நாளில் கரைந்துவிடும். ஆகவே ஞாயிற்றுக்கிழமை மூன்று மணித்தியாலம் ஓடிவிட்டு மற்ற ஆறு நாளும் சோபாவில் இருப்பதைவிட, இடைவெளி இரண்டு நாளைத் தாண்டாமல் சிறிது சிறிதாக ஓடுவது மேல். இன்னுமொன்று: சைக்கிள் ஓட்டம் முழங்காலுக்கு இதமானது, ஆனால் எலும்பைப் பலப்படுத்த அது மட்டும் போதாது. நடையையும் பாரம் தூக்கும் பயிற்சியையும் விட்டுவிட வேண்டாம்.

காசில்லாத மாற்றங்கள்

முதலில் சீற் உயரம். சீற்றில் இருந்து குதிக்காலைப் பெடலில் வைத்து, பெடலை அடியில் கொண்டுவாருங்கள். கால் நேராக நிற்க வேண்டும். பிறகு பாதத்தின் முன்பகுதியை வைத்து மிதிக்கும்போது முழங்கால் சற்று மடிந்திருக்கும். சீற் பதிவாக இருந்தால் முழங்காலின் முன்பக்கம் நோகும். கூட உயரமென்றால் இடுப்பு இரண்டு பக்கமும் ஆடும், முழங்காலின் பின்பக்கம் நோகும். தொடையிடுக்கு மரத்துப் போனால் சீற்றின் முனை மேலே பார்க்கிறதா என்று பாருங்கள். உட்காரும் எலும்புகளுக்கு ஏற்ற அகலமும் வேண்டும். பெண்களுக்குப் பெரும்பாலும் சற்று அகலமான சீற் பொருந்தும்.

அடுத்தது சஸ்பென்சன் காற்று. எங்கள் வீடுகளில் ஒரு சைக்கிளைத் தகப்பனும் மகனும் மாறி மாறி ஓடுவது வழக்கம். மகன் 60 கிலோ, தகப்பன் 85 கிலோ என்றால் ஒரே காற்றழுத்தம் இருவருக்கும் சரிவராது. ஒருவருக்குக் கல்லுப் போல் இருக்கும், மற்றவருக்கு அடிவரை இடிக்கும்.

சரிபார்ப்பது சுலபம். ஹெல்மற், சப்பாத்து, தண்ணீர்ப் போத்தல் எல்லாவற்றோடும் ஏறுங்கள். பூட்டு இருந்தால் திறந்துவிடுங்கள். ஒருவர் சைக்கிளைப் பிடிக்கட்டும். ஷொக்கின் தண்டிலுள்ள றப்பர் வளையத்தை அடிவரை தள்ளிவிட்டு, துள்ளாமல் மெதுவாக இருந்து, மெதுவாக இறங்குங்கள். வளையம் நகர்ந்த தூரத்தை அளவுங்கள். பின் ஷொக்கில் அது தண்டின் முழு ஓட்டத்தில் 25 முதல் 30 வீதம் இருக்கலாம். ஓட்டம் 45 மில்லிமீற்றர் என்றால் 11 முதல் 13 மில்லிமீற்றர். முன் ஃபோர்க்கில் 15 முதல் 20 வீதம் போதும். 120 மில்லிமீற்றர் ஃபோர்க் என்றால் 18 முதல் 24. கூட அமுங்கினால் காற்றைக் கூட்டுங்கள், குறைவாக அமுங்கினால் இறக்குங்கள். இதற்கென்று சிறிய கைப்பம்ப் தனியாக உண்டு, ரயர் பம்ப் சரிவராது. இரண்டு பேரின் அளவையும் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டால் பிரச்சினை முடிந்தது. காற்றைக் கூட்டினால் மீளும் வேகத்தைச் சற்றுக் குறைக்க வேண்டும். சிவப்புத் திருகி பெரும்பாலும் அதற்குத்தான்.

மூன்றாவது, ரயர் காற்று. ஊர்ப் பழக்கத்தில் ரயரை விரலால் அமுக்கிப் பார்த்து, கல்லுப் போல் வரும்வரை காற்றடிப்போம். ரார் வீதிக்கு அது சரி. காட்டில் அப்படி இறுகிய ரயர் ஒவ்வொரு வேரிலும் துள்ளும், ஈர வேரில் வழுக்கும். 2.3 அல்லது 2.4 அங்குல ரியூப் இல்லாத ரயருக்கு, 75 கிலோ ஆளென்றால் முன்னுக்கு 22, பின்னுக்கு 24 பி.எஸ்.ஐ. அளவில் தொடங்கி, ஒவ்வொன்றாகக் கூட்டிக் குறைத்துப் பாருங்கள். ரியூப் போட்டிருந்தால் சில புள்ளிகள் கூட வேண்டும், இல்லாவிட்டால் கல்லில் நெரிந்து ரியூப் வெடிக்கும்.

பிறேக்: கை மாறிய கதை

இதை ஊரில் சைக்கிள் பழகியவர்கள் கட்டாயம் வாசிக்க வேண்டும். எங்கள் ஊர்ச் சைக்கிள்களில் பிரித்தானிய வழக்கப்படி வலது கை முன் பிறேக். வட அமெரிக்காவில் விற்கும் சைக்கிள்களில் இடது கைதான் முன் பிறேக். பதற்றத்தில் கை பழைய பழக்கத்துக்குப் போகும். பின் பிறேக் என்று நினைத்து இறக்கத்தில் இடது கையை இறுக்கினால் ஆள் ஹான்டிலுக்கு மேலால் போவார். கடையில் சொன்னால் இரண்டையும் மாற்றிப் பூட்டித் தருவார்கள். மாற்றினால் வீட்டில் ஓடுகிற எல்லோருக்கும் சொல்லிவையுங்கள்.

அதற்காக முன் பிறேக்கைத் தொடாமல் ஓடவும் கூடாது. பிறேக் பிடித்ததும் பாரம் முன்னுக்குச் சாய்வதால் நிறுத்தும் பலத்தின் பெரும்பகுதி முன் சில்லில்தான் இருக்கிறது. இரண்டையும் ஒவ்வொரு விரலால், சிறுகச் சிறுக அழுத்துங்கள். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் விட்டுவிடுங்கள்.

இறக்கத்தில் சீற்றில் இருக்கவே வேண்டாம். இரண்டு பெடலும் ஒரே மட்டத்தில் நிற்க, எழுந்து, முழங்கால் மடித்து, முழங்கை வெளியே விரித்து, பாரம் முழுவதும் பாதத்தில் இருக்கட்டும். கண் முன்சில்லில் நிற்கக் கூடாது, பாதையில் சில மீற்றர் முன்னே போக வேண்டும். மரத்தைப் பார்த்தால் மரத்துக்குத்தான் சைக்கிள் போகும்! ஏற்றத்தில் சீற்றின் முனைப்பக்கம் நகர்ந்து, நெஞ்சைத் தாழ்த்தி, இலேசான கியரில் சீராக மிதியுங்கள். முதல் ஒரு மாதம் இதை வெறும் புல்தரையிலும் பூங்காவின் சிறு மேட்டிலும் பழகலாம்.

இனிக் காசு செலவழிப்போம்

இந்த விளையாட்டே பழைய சைக்கிளைத் திருத்தியதில்தான் பிறந்தது. 1970களில் கலிபோர்னியாவின் மரின் பகுதியில் சில இளைஞர்கள் தடித்த ரயர் பூட்டிய பழைய சைக்கிள்களில் மலைப்பாதையில் இறங்கினார்கள். 1976இல் தொடங்கிய அவர்களின் போட்டிக்கு "ரீபாக்" என்று பெயர். பின்சில்லுக்குள் இருந்த பிறேக் சூடேறிக் கிறீஸ் எரிந்துபோகும், ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் மறுபடி கிறீஸ் நிரப்ப வேண்டும் என்பதால் வந்த பெயர் அது. அவர்களுக்கும் முதல் தலையிடி பிறேக்தான்.

என் ஒழுங்கு இதுதான். முதலில் முன் ரயர்: உயர்ந்த கட்டைகளும் மெதுவான றப்பரும் உள்ள நல்ல ரயர் ஒன்று. இலேசான சைக்கிள்களில் பாரத்தைக் குறைக்க மெல்லிய, வழுவழுப்பான ரயர்களைப் பூட்டி விற்பதுண்டு. பின் ரயரை அது தேயும்வரை விட்டுவைக்கலாம். அதோடு ரியூப்பைக் கழற்றி, ஓட்டை அடைக்கும் பால் ஊற்றுங்கள். அந்தப் பால் சில மாதங்களில் காய்ந்துவிடும், மறக்காமல் ஊற்ற வேண்டும்.

இரண்டாவது பிறேக். 85 கிலோவுக்கு மேற்பட்டவர்கள் முன் தட்டை 160 மில்லிமீற்றரிலிருந்து 180 ஆக மாற்றினால் விரல் வலி குறையும், நீண்ட இறக்கத்தில் சூடும் குறையும். உங்கள் ஃபோர்க் அந்த அளவை ஏற்குமா என்று முதலில் கேளுங்கள்.

மூன்றாவது, ஹான்டிலிலுள்ள பொத்தானை அமுக்கினால் சீற் கீழே இறங்கும் ட்றொப்பர் போஸ்ற். சிலர் இதைத் தேவையற்ற பாரம் என்பார்கள். நாற்பது தாண்டிய ஒருவருக்கு இதைவிடப் பயனுள்ள பாகம் இல்லை என்பது என் கருத்து. இறக்கத்தில் சீற் இடிக்காது, பயமும் பாதியாகும், தடுமாறினால் கால் நிலத்தில் ஊன்றும்.

ஏற்றம் கஷ்டமென்றால், முன் பல்லுச்சில்லை 32 பல்லிலிருந்து 30 ஆக மாற்றுங்கள். மிதி 6 வீதம் இலேசாகும், செலவும் சிறிது.

பாரம் குறைப்பது கடைசி. கணக்குப் பாருங்கள். ஆள் 85, சைக்கிள் 13, மொத்தம் 98 கிலோ. ஆயிரம் டொலருக்கு மேல் கொடுத்துக் காபன் பாகங்களால் ஒரு கிலோ குறைத்தால் அது ஒரு வீதம். 20 நிமிட ஏற்றத்தில் 12 செக்கன் மிச்சம். அதே கிலோவை இரவுச் சாப்பாட்டில் ஒரு அகப்பைச் சோற்றைக் குறைத்தும் இறக்கலாம். ஃபோர்க்கை நீளமாக மாற்றும் ஆசையும் பலருக்கு வரும். 10 மில்லிமீற்றர் கூட்டினால் முன்பக்கத்தின் சரிவு அரைப் பாகை அளவில் மாறும். அதற்கு மேல் போனால் சைக்கிளின் குணமே மாறும், உத்தரவாதமும் போகலாம்.

நீரிழிவு உள்ளவர்கள்

இன்சுலின் எடுப்பவர்களுக்கும் கிளிக்லசைட் போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்கும் ஓடும்போது சீனி சட்டென்று இறங்கலாம். புறப்படுமுன் குத்திப் பாருங்கள். 5க்குக் குறைவென்றால் முதலில் ஏதாவது சாப்பிட வேண்டும். குளுக்கோஸ் மாத்திரையோ ஜூஸ் பெட்டியோ சட்டைப்பையில் இருக்கட்டும், பின் பையின் அடியில் வேண்டாம். நடுக்கம், வியர்வை, தலைச்சுற்று வந்தால் அந்த இடத்திலேயே இறங்கி 15 கிராம் சீனி எடுத்து, கால் மணித்தியாலம் கழித்து மறுபடி பாருங்கள். காட்டில் ஓடும்போது இவற்றைச் சாதாரணக் களைப்பு என்று நினைத்துவிடுவது சுலபம். கடுமையாக ஓடிய நாளின் இரவிலும் சீனி இறங்கலாம்.

கண்ணின் விழித்திரையில் நீரிழிவுப் பாதிப்பு உள்ளவர்கள், இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள், இருதய நோயாளர்கள் காட்டுக்குப் போகுமுன் வைத்தியரிடம் "மலைச் சைக்கிள்" என்றே சொல்லிக் கேளுங்கள். வெறும் "சைக்கிள்" என்றால் அவர் வீட்டுக்குள் மிதிக்கும் சைக்கிளை நினைத்துத் தலையாட்டிவிடுவார். நெஞ்சு இறுகினால் நிறுத்தி 911.

எங்கே போகலாம்?

ரொறன்ரோவுக்குள் டொன் பள்ளத்தாக்கிலுள்ள குரோதர்ஸ் வூட்ஸ் உண்டு. ஸ்காபரோ, மார்க்கம் ஆட்களுக்கு அக்ஸ்பிரிட்ஜ் பக்கமுள்ள டர்ஹம் ஃபொரஸ்ட் நல்ல தொடக்கம். பச்சை வட்டம் இலகு, நீலச் சதுரம் நடுத்தரம், கறுப்பு வைரம் கடினம். ஒரு பருவம் முழுவதும் பச்சையில் ஓடினாலும் வெட்கமில்லை. 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு ஒன்ராறியோவில் வீதியில் ஹெல்மற் சட்டப்படி கட்டாயம். பிள்ளைக்கு மாட்டிவிட்டு அப்பா தொப்பியோடு போகக் கூடாது. தலை அடிபட்டால் அன்றைய ஓட்டம் முடிந்தது, அந்த ஹெல்மற்றும் முடிந்தது.

பனி கரைந்து பாதை சேறாக இருக்கும் காலத்தில் ஓடினால் பாதை பழுதாகும். அது காயும்வரை காத்திருங்கள். வீடு திரும்பியதும் குளிக்கும்போது முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள், தலைமயிர் எல்லாம் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். கறுங்கால் உண்ணி லைம் நோயைப் பரப்பும். 24 மணித்தியாலத்துக்குள் எடுத்துவிட்டால் தொற்றும் வாய்ப்பு மிகக் குறைவு. மெல்லிய சாமணத்தால் தோலோடு ஒட்டப் பிடித்து, முறுக்காமல் நேராக இழுங்கள்.