சொத்துரிமையை வகுத்தது யார்?

கேள்வி: நீதியும் பிறர் பொருளை மதிக்கும் குணமும் மனிதனுக்கு இயல்பிலேயே உள்ளவையா, நாமே ஏற்படுத்திக்கொண்ட வழக்கமா?

பதில்: வழக்கமே என்பது என் முடிவு. ஒரே படகில் துடுப்புப் போடும் இருவர் வாக்குறுதி எதுவும் தராமலே ஒத்துப்போவதுபோல, உடைமையும் இரு தரப்பு நன்மையை உணர்ந்து மெல்ல நிலைபெறுகிறது என்று ஸ்காட்லாந்துத் தத்துவவாதி டேவிட் ஹியூம் 1740-இல் வாதிட்டார். கலிபோர்னியா இதற்கு நல்ல சான்று. 1848-இல் அங்கே தங்கம் கிடைத்தபோது, தோண்டும் நிலம் யாருக்கு எவ்வளவு என்று சொல்லச் சட்டம் இல்லை. திரண்டு வந்தவர்கள் முகாம்தோறும் கூடி, ஒருவருக்கு எத்தனை அடி நிலம், எத்தனை நாள் வேலை செய்யாவிட்டால் உரிமை போகும் என்று தாங்களே விதி வகுத்தார்கள். 1866-இல்தான் அமெரிக்க நாடாளுமன்றம் அந்த வழக்கங்களுக்குச் சட்ட ஏற்பு அளித்தது.

வெறும் வழக்கம் என்றால் திருட்டு எப்படிக் குற்றமாகும் என்று கேட்கலாம். விதி மனிதர் செய்தது. ஆனால் அதை நம்பி உழைத்தவரின் இழப்பு மெய்யானது. இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அந்த முகாம்கள் பூர்வகுடிகளின் நிலத்தில்தான் எழுந்தன. அவர்களுக்கு அந்த விதிகளில் இடமில்லை. 1850-இல் வெளிநாட்டுச் சுரங்கத் தொழிலாளர்மீது மாதம் 20 டாலர் வரியும் விழுந்தது. சொத்துரிமை வழக்கத்தில் பிறந்தது என்பதை இது பொய்யாக்கவில்லை. அப்படிப் பிறந்ததாலேயே அது நீதியாகிவிடாது என்று காட்டுகிறது. பிறர் துன்பம் கண்டு இரங்குவது நாம் கூடி வகுத்த விதியல்ல, இயல்பு. வழக்கத்தை எடைபோட அதுவே அளவுகோல். எந்தச் சொத்து விதியை மதிக்கும் முன்னும், அதை வகுத்தபோது யாருக்குப் பேச இடமில்லை என்று கேளுங்கள்.