பளிச்சென்ற மஞ்சளும் நம் பொறுப்பும்



படாளம் கூட்டுரோட்டில் நம்மிடம் சரக்கெடுக்க வரும் கிராமத்துக் கடைக்காரர்கள் மஞ்சள் தூள் என்றால் விலைக்கு முன்பே நிறத்தைத்தான் கேட்கிறார்கள். "போன தடவை குடுத்தது மங்கலா இருந்துச்சு அண்ணாச்சி, பளிச்சுன்னு இருக்கறதா போடுங்க" என்கிறார்கள். அவர்களிடம் வாங்கும் தாய்மார்கள் அப்படிக் கேட்கும்போது அவர்களும்தான் என்ன செய்வார்கள்? ஆனால் உணவில் இரசாயனம் நுழைவதற்கு இந்த நிற ஆசையே முதல் காரணம் என்பதை நாம் உணர வேண்டும்.

2024 பிப்ரவரியில் பஞ்சு மிட்டாய் விற்பனைக்குத் தமிழக அரசு தடை விதித்தது நினைவிருக்கும். துணிக்குப் போடும் ரோடமின் பி என்னும் சாயம் அதில் கலந்திருந்தது ஆய்வில் தெரிந்தது. அது கடற்கரையில் விற்பவர்கள் சமாச்சாரம் என்று நாம் ஒதுங்க முடியாது. நம் கடையில் உள்ள மஞ்சளுக்கும் இதே ஆபத்து உண்டு.

மஞ்சளுக்கு நிறமேற்றச் சிலர் சேர்ப்பது லெட் குரோமேட். இது பெயிண்டில் சேர்க்கும் பொருள். இதில் உள்ள ஈயம் உடலில் சேர்ந்து எலும்பில் தங்கும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். மணத்திலோ ருசியிலோ தெரியாது. மஞ்சள் தினமும் குழம்பில் விழும் பொருள் என்பதால் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்துவிடும்.

அண்டை நாடான வங்காளதேசத்தில் நடந்ததை நாம் பாடமாகக் கொள்ளலாம். அங்கு 1980-களில் வெள்ளத்தால் மஞ்சள் சரியாகக் காயாமல் நிறம் மங்கியது. அதை விற்க வேண்டுமே என்று பாலிஷ் போடும்போது இந்தப் பொடியைச் சேர்த்தார்கள். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. 2019-ல் ஆராய்ச்சியாளர்கள் இதை வெளிப்படுத்தினார்கள். அரசு டாக்காவின் ஷியாம்பஜார் மொத்த மார்க்கெட்டில் சோதனை நடத்தி வியாபாரிகளுக்கு அபராதம் விதித்தது. மக்களுக்கும் வியாபாரிகளுக்கும் எச்சரிக்கை செய்தது. 2019-ல் மார்க்கெட் மாதிரிகளில் 47 சதவீதத்தில் ஈயம் இருந்தது. 2021-ல் எடுத்த மாதிரிகளில் ஒன்றில்கூட இல்லை. மார்க்கெட் மனம் வைத்தால் இரண்டே ஆண்டில் மாற முடியும் என்பதற்கு இது சாட்சி.

நாமும் ஒரு முறை ஏமாந்தவர்களே. பல ஆண்டுகளுக்கு முன் வெளியூர் ஆள் ஒருவர் விரலி மஞ்சள் விலையைவிடக் குறைவாகத் தூள் கொண்டு வந்தார். விரலியை வாங்கி, அரைத்து, மூட்டை கட்டிய பிறகு விலை குறைவது எப்படி என்று யோசிக்காமல், பில் இல்லாமல் நான்கு மூட்டை இறக்கினோம். பிறகு சந்தேகம் வந்து தண்ணீரில் போட்டுப் பார்த்தபோது நெஞ்சு பதறியது. அதே மூட்டையிலிருந்து நம் வீட்டுச் சமையலறைக்கும் தூள் போயிருந்தது! ஆள் கிடைக்கவில்லை. மீதிச் சரக்கை விற்காமல் நஷ்டத்தை ஏற்றோம். விற்றுப்போனதைத்தான் திரும்ப வாங்க முடியவில்லை.

ஆகவே வணிகர்கள் கடைப்பிடிக்க வேண்டியவை:

1. ஒரு கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் மஞ்சள் தூளைப் போடுங்கள். நல்ல தூள் கீழே படியும்போது தண்ணீர் இலேசான மஞ்சளாகும். உடனே அடர்ந்த மஞ்சளானால் சந்தேகப்படுங்கள். விரலியையும் இப்படிப் பார்க்கலாம். மிளகாய்த் தூளைத் தண்ணீரின் மேல் தூவினால், சாயம் இருந்தால் கோடுகோடாக இறங்கும்.

2. இது அறிகுறி மட்டுமே. முடிவு சொல்ல வேண்டியது ஆய்வுக்கூடம். சென்னை கிண்டி கிங் நிலைய வளாகத்தில் அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடம் இருக்கிறது.

3. பில் இல்லாத சரக்கை வாங்காதீர்கள். 2006-ம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 26-வது பிரிவுப்படி, நமக்குச் சரக்கு கொடுத்தவர் தரும் பில்லே தரத்துக்கு உத்தரவாதமாகக் கருதப்படும். யாரிடம் வாங்கினோம் என்று காட்ட முடியாத சரக்குக்கு விற்றவரே பொறுப்பு என்று 27-வது பிரிவு சொல்கிறது. பாதுகாப்பற்ற உணவால் உயிர் போனால் ஏழாண்டுக்குக் குறையாத சிறை, ஆயுள் தண்டனை வரை உண்டு.

4. மஞ்சள் தூளை வெளிச்சம் படும் ஜாடியில் வைக்காதீர்கள். வெளிச்சத்தில் நிறம் மங்கும். அப்போதுதான் வாடிக்கையாளர் பளிச்சென்று வேறு கேட்பார்.

5. இரகத்துக்கு இரகம் மஞ்சளின் நிறம் மாறும் என்று வாடிக்கையாளரிடம் எடுத்துச் சொல்லுங்கள். சந்தேகப்பட்டால் சோதித்த விரலியைக் கொடுத்து மில்லில் அரைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இப்போது நம் கடையில் மங்கலான தூள்தான் இருக்கிறது. சிலர் வேறு கடைக்குப் போனார்கள். அந்த வியாபாரம் போனது போனதுதான். கேட்பவர்களுக்குத் தம்ளரில் தண்ணீர் எடுத்துக் காட்டுகிறோம். பார்த்தவர்களில் பலர் வாங்கிப் போகிறார்கள். ஒவ்வொரு கடையிலும் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடித் தம்ளர் இருக்கட்டும்.