மரத்தைப் பார்த்துவிட்டு விதி எழுதுங்கள்

பைத்தான் 3.12 வந்தபோது, டேட்டைம் வகுப்பின் 'யூடிசிநவ்' இனி வேண்டாம் என்று அறிவித்தார்கள். அது தரும் நேரத்தில் நேர மண்டலம் இருக்காது என்பதே காரணம். பெரிய நிரல்தொகுப்பு ஒன்றில் அது எங்கெல்லாம் இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் வேலை எனக்கு வந்தது. கிரெப் போட்டால் கமெண்ட், லாக் செய்தி, சோதனைத் தரவு எல்லாம் கலந்து வந்தன. அதனால் பைத்தானோடு கூடவே வரும், நிரலைத் தொடரியல் மரமாக மாற்றித் தரும் 'ஏஎஸ்டி' மாட்யூலை எடுத்துக்கொண்டேன். அதில் தெரிந்துகொண்டவை இவை.

முதலில் மரத்தை அச்சிடுங்கள். தேட வேண்டியதை இரண்டு மூன்று வரி மாதிரியாக எழுதி, 'டம்ப்' செய்து பாருங்கள். என்ன கணு, எதற்குள் எது என்பது கண்ணெதிரே தெரியும். நினைவை நம்பி எழுதும் விதியைவிட, பார்த்து எழுதும் விதி நிற்கும்.

அழைப்பை மட்டும் தேடாதீர்கள். தரவுத்தள மாடல்களில் 'டீஃபால்ட்' மதிப்பாக யூடிசிநவ்வை அடைப்புக்குறி இல்லாமல் கொடுப்பது வழக்கம். அங்கே 'கால்' கணுவே இருக்காது. 'ஆட்ரிபியூட்' கணு மட்டும்தான். அதைத் தேடினால் இரண்டு வகையும் அகப்படும்.

பார்ஸருக்கு வடிவம் தெரியும், பொருள் தெரியாது. ஆரோ நூலகத்திலும் 'யூடிசிநவ்' என்ற பெயரில் ஒரு ஃபங்ஷன் உண்டு. அது நேர மண்டலத்தோடுதான் நேரம் தரும், அதைத் தொட வேண்டாம். இந்த வேறுபாடு மரத்தில் இல்லை. ஒவ்வொரு கோப்பிலும் இம்போர்ட் வரிகளை முதலில் படித்து, எந்தப் பெயர் எங்கிருந்து வந்தது, 'டிடி' போன்ற மாற்றுப்பெயர் உண்டா என்று குறித்துக்கொள்ளுங்கள்.

உள்ளே இறங்க மறக்காதீர்கள். ஒரு கணுவுக்கு விசிட்டர் மெதட் எழுதினால், அதற்குள் 'ஜெனரிக் விசிட்' அழைக்க வேண்டும். இல்லையென்றால் ஃபங்ஷனுக்குள் இருக்கும் ஃபங்ஷன் கண்ணில் படாது. அசின்க் ஃபங்ஷனுக்குத் தனிக் கணு என்பதையும் கவனியுங்கள்.

தமிழ் உள்ள வரிகளில் கூடுதல் கவனம் வேண்டும். நெடுவரிசை எண்ணை இந்த மாட்யூல் யூடிஎஃப்-8 பைட்டுகளில் எண்ணுகிறது. 'தமிழ்' என்ற சொல் யூனிகோடில் 5 குறியீடுகள், ஆனால் 15 பைட்டுகள். வரியில் முன்னால் தமிழ்ச் சரம் இருந்தால், அந்த எண்ணை வைத்து நேரடியாக வெட்டும்போது தவறான இடத்தில் வெட்டும். வரியை பைட்டுகளாக மாற்றி வெட்டுங்கள்.

திருத்த வேறு கருவி எடுங்கள். ஏஎஸ்டி மரத்தில் கமெண்டும் இடைவெளியும் தங்காது. 3.9-இல் வந்த 'அன்பார்ஸ்' கொண்டு நிரலைத் திரும்ப எழுதினால் அவை போய்விடும். எழுதியவர் விட்டுச்சென்ற விளக்கத்தை அழிக்க நமக்கு உரிமையில்லை. மாற்றி எழுதுவதற்கு லிப்சிஎஸ்டி பொருத்தமானது. பாதி எழுதிய, பிழையுள்ள நிரலையும் படிக்க வேண்டுமென்றால் ட்ரீசிட்டர். பிழையான பகுதியை மட்டும் குறித்துவிட்டு மீதிக்கு மரம் தரும்.

படிக்க முடியாத கோப்புகளைத் தனியே பட்டியலிடுங்கள். பைத்தான் 2 காலத்து பிரின்ட் வரி ஒன்று இருந்தாலே ஏஎஸ்டி அந்தக் கோப்பை ஏற்காது. அந்தப் பிழையை ஓசையில்லாமல் தாண்டிப் போகும் கருவி, 'எதுவும் கிடைக்கவில்லை' என்று சொல்வதில் பொருளில்லை. எத்தனை கோப்பு படித்தோம், எவற்றைப் படிக்க முடியவில்லை என்ற இரண்டையும் முடிவோடு சேர்த்துக் கொடுங்கள். அப்போதுதான் அடுத்தவர் அதை நம்பி நிரலில் கை வைக்க முடியும்.