மஞ்சள் சளியும் மாத்திரை அட்டையும்

நம்பிக்கை: சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறிவிட்டால் ஆன்டிபயாடிக் போட்டே தீர வேண்டும்.

அந்த நிறம் கிருமி பூசியதல்ல. நம் வெள்ளையணுக்கள் தந்தது. கிருமியை எதிர்க்கக் கூட்டமாக வரும் அணுக்களுக்குள் பச்சை நிற நொதி ஒன்று உண்டு. அவை மடியும்போது சளியிலும் அந்த நிறம் ஏறுகிறது. வெறும் வைரஸ் ஜலதோஷத்திலும் சில நாட்களில் இப்படி ஆகும். வைரஸை ஆன்டிபயாடிக் ஒன்றும் செய்யாது. ஆனாலும் மெடிக்கல் ஷாப்பில் "சளி, இருமல்" என்றதுமே, டாக்டர் சீட்டுகூடக் கேட்காமல், அஸித்ரோமைசின் 500 அட்டையை எடுத்து வைக்கிறார்கள். வாங்கியவர் நாலைந்து நாளில் தேறிவிடுவார், மாத்திரை இல்லாமலும் தேறியிருப்பார். பேர் மட்டும் மாத்திரைக்கு!

நம்பிக்கை: ஒரு வாரமாகியும் இருமல் நிற்கவில்லையென்றால் மருந்து கேட்கவில்லை என்று பொருள்.

காய்ச்சல் விட்ட பிறகும் மூச்சுக்குழாயின் உட்சுவர் ஆறுவதற்கு நாளாகும். இரண்டு மூன்று வாரம் இருமுவது சகஜம். அதற்குள் டாக்டரை மாற்றி, 'பவர்' கூடிய மாத்திரை தேடுவது வீண் செலவு. ஆனால் இரண்டு வாரம் தாண்டினால், காய்ச்சல் இல்லாவிட்டாலும், காசநோய்க்கான சளிப் பரிசோதனை செய்துவிடுங்கள். அரசு மருத்துவமனைகளில் இலவசம்.

நம்பிக்கை: தொண்டை வலித்தால் டான்சிலில் சீழ்தான்.

கூடவே மூக்கொழுகலும் இருமலும் இருந்தால் பெரும்பாலும் வைரஸ். காய்ச்சல், டான்சிலில் வெள்ளைப் படலம், கழுத்தில் வலிக்கும் நெறி, இருமல் இல்லாமை இவற்றில் பெரும்பாலானவை சேர்ந்து வந்தால்தான் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியாவைச் சந்தேகிக்க வேண்டும்.

நம்பிக்கை: குழந்தையின் நெஞ்சில் கர்கர் சத்தம் கேட்டால் நிமோனியா.

பாதி நேரம் அது மூக்கிலும் தொண்டையிலும் தேங்கிய சளியின் சத்தம். காதைவிடக் கண்ணை நம்புங்கள். குழந்தை அழாமல், பால் குடிக்காமல் அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, வயிறு ஏறி இறங்குவதை முழுசாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்க வேண்டாம். பச்சைக் குழந்தையின் மூச்சு ஒரே சீராக இருக்காது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, இரண்டு மாதம் ஆகாத குழந்தைக்கு 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40. இந்த அளவைத் தொட்டாலே வேக மூச்சு. அன்றே டாக்டரிடம் காட்ட வேண்டும். மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தாலோ, குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, இரண்டு மாதம் ஆகாத குழந்தைக்கு வேக மூச்சு இருந்தாலோ, நேரே பெரிய ஆஸ்பத்திரிதான். மற்றபடி வெறும் வேக மூச்சு நிமோனியாவுக்கு டாக்டர்கள் முதலில் எழுதுவது பெரும்பாலும் விலை மலிவான, பழைய அமாக்சிசிலின்தான்.