கேள்வியை முன்பே கேட்டு வாங்குங்கள்

"உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்." நேர்காணல்கள் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகின்றன. ஆட்டிசம் உள்ள பலருக்குச் சிக்கலும் இங்கேயே தொடங்குகிறது. படிப்பைச் சொல்வதா, ஊரைச் சொல்வதா, எங்கே நிறுத்துவது? யோசிக்கும் சில நொடிகள் தயக்கமாகவும், கண்ணைப் பார்க்காமல் பேசுவது அக்கறையின்மையாகவும் எதிரே இருப்பவருக்குப் படுகின்றன. வேலை மென்பொருளில் பிழை கண்டுபிடிப்பது என்றால், அதில் விண்ணப்பித்தவர் கெட்டிக்காரரா என்பதை மட்டும் யாரும் சோதிப்பதில்லை.

நேர்காணலுக்கு அழைப்பு வந்ததுமே பதில் எழுதுங்கள். கேள்விகளை முன்கூட்டி அனுப்ப முடியுமா, எத்தனை பேர் கேட்பார்கள், எவ்வளவு நேரம், செய்முறைத் தேர்வு உண்டா? இதில் கூச்சமே வேண்டாம். பிரிட்டனின் ஜான் லூயிஸ் நிறுவனம் 2024இல் தன் நேர்காணல் கேள்விகளை எல்லா விண்ணப்பதாரர்களுக்கும் முன்பே இணையத்தில் வெளியிட்டது. கேள்விகளைத் தெளிவாக மாற்றியபோது ஆட்டிசம் இல்லாதவர்களும் நன்றாகப் பதில் சொன்னதை ஓர் ஆய்வும் காட்டியிருக்கிறது.

ஆட்டிசம் என்று சொல்லித்தான் கேட்க வேண்டுமா? கேள்விகளை மட்டும் கேட்பதற்குத் தேவையில்லை. ஆனால் சட்டத்தின் துணை வேண்டுமென்றால் சொல்லியாக வேண்டும். மாற்றுத்திறனாளி சான்றிதழும் தேவைப்படலாம். இந்தியாவின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, ஆட்டிசத்தையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனம், ஆள் தேர்வு முறையையும் சொல்லும் சமவாய்ப்புக் கொள்கையை வெளியிட வேண்டும். மனிதவளப் பிரிவிடம் அதைக் கேளுங்கள். அவர்கள் சொல்லும் பதிலிலேயே அந்த இடம் எப்படிப்பட்டது என்று ஓரளவு தெரிந்துவிடும்.

செய்த வேலைகளில் நான்கைந்து சம்பவங்களை எழுதி வையுங்கள்: என்ன சிக்கல், நீங்கள் என்ன செய்தீர்கள், என்ன ஆனது. தாளை அறைக்குள் எடுத்துச் செல்லலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கேள்வி புரியவில்லையா? "போன வேலையைப் பற்றிக் கேட்கிறீர்களா, பொதுவாகவா?" என்று திருப்பிக் கேளுங்கள். கண்ணைப் பார்த்தே பேசப் பழகச் சொல்வார்கள். என்னைக் கேட்டால் அந்தப் பயிற்சியே வேண்டாம். பதிலுக்குச் செலவாக வேண்டிய கவனத்தை அது தின்றுவிடும். "வேறு பக்கம் பார்த்தால்தான் எனக்கு நன்றாக யோசிக்க வரும்" என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது மேல்.

கேள்வி கேட்பவர்களுக்கு ஒன்று: ஒரு நேரத்தில் ஒரே கேள்வி. "நெருக்கடியில் எப்படி வேலை செய்வீர்கள்?" என்பதைவிட, "கெடு தவறப்போன ஒரு வேலையைச் சொல்லுங்கள். அப்போது என்ன செய்தீர்கள்?" என்று கேளுங்கள்.

நேர்காணலுக்குப் போகிறவர்களுக்கு இன்னொன்று: முகத்தையும் குரலையும் கட்டுப்படுத்தி உட்கார்ந்திருந்த களைப்பு மறுநாள்வரை இருக்கலாம். இரண்டாம் சுற்று அன்றைக்கே என்றால், வேறு நாள் கேளுங்கள்.