கொத்தமல்லிக்குச் சொந்த ஊர் எது?

கேள்வி: பால்கனித் தொட்டியில் மார்ச் மாதம் தனியா விதைத்தேன். கிள்ளுகிற அளவுக்கு இலை விடுவதற்குள் நெட்டையாகப் போய்ப் பூத்துவிட்டது. காய்கறிச் சந்தைக் கடைக்காரர்கூட ‘காவ்ரான் கொத்திம்பீர்’, அதாவது நாட்டுக் கொத்தமல்லி என்றுதான் விற்கிறார். நாட்டுச் செடிக்கு நம் வெயில் ஏன் ஆகவில்லை?
– ஒரு வாசகி, கட்கி, புனே

பதில்: கடைக்காரர் சொல்லும் நாட்டுச் செடி, பிறப்பால் நம் நாட்டுச் செடி இல்லை. மத்திய தரைக்கடலின் கிழக்குக் கரையும் அதை ஒட்டிய மேற்கு ஆசியாவும்தான் அதன் தாய்வீடு. சாக்கடலுக்குப் பக்கத்தில் நஹல் ஹெமார் என்று ஒரு குகை. அங்கே புதிய கற்கால மண்ணடுக்கிலிருந்து கொஞ்சம் காய்ந்த கொத்தமல்லி விதைகளை எடுத்தார்கள். இதுவரை கிடைத்ததிலேயே மிகப் பழையவை அவைதான் என்பது ஆய்வாளர்கள் கணிப்பு. 1922-இல் திறந்த எகிப்து மன்னர் துட்டன்காமன் கல்லறையிலும் ஏறக்குறைய அரை லிட்டர் தனியா இருந்தது. மன்னருக்கு மறுமையிலும் குழம்பு தேவைப்பட்டது போலும்! கிரீட் தீவின் நாசஸ் அரண்மனைக் கணக்குப்பிள்ளைகள் களிமண் பலகையில் தனியாவுக்குக் கணக்கு எழுதி வைத்திருக்கிறார்கள்.

இந்தியாவுக்கு எப்போது வந்தது? பாணினியின் பழைய சமஸ்கிருத இலக்கண நூலில் ‘குஸ்தும்புரு’ என்ற பெயரில் அது இடம்பெற்றுவிட்டது. ஆகவே இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகவே இங்கே குடியிருக்கிறது. குடியேறி இத்தனை காலமாகியும் பிறந்த ஊர்ப் பழக்கம் மட்டும் போகவில்லை. மத்திய தரைக்கடல் பக்கம் மழை பனிக்காலத்தில்தான் பெய்யும். கோடை வறண்டு கிடக்கும். குளிரில் முளைத்து இலை விட்டு, வெயில் ஏறுவதற்குள் பூத்துக் காய்த்து, கோடை முழுவதும் விதையாகக் கிடப்பது அங்கே பிழைத்துக்கொள்ளும் வழி. பகல் நீண்டு சூடும் கூடினால், ‘கோடை வந்துவிட்டது, சீக்கிரம் விதை போடு’ என்பதுதான் அந்தச் செடிக்குத் தெரிந்த பாடம். உங்கள் தொட்டியில் மார்ச்சில் முளைத்ததும் அதைத்தான் செய்திருக்கிறது. உரத்தையும் மண்ணையும் குறை சொல்லிப் பயனில்லை.

புனே உண்மையில் கொத்தமல்லிக்குத் தோதான ஊர். தசரா கழிந்து மழை விட்டதும் விதைத்தால் பிப்ரவரி வரை இலைக்குப் பஞ்சமிருக்காது. டிசம்பர், ஜனவரியில் இரவுக் குளிர் 10 டிகிரியை ஒட்டி இறங்குவதும் அதற்குப் பிடிக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை வேறு தொல்லை: ஓயாத ஈரத்தில் வேர் அழுகும், இலை கெடும். அடைமழையில் குல்டேக்டி மார்க்கெட் யார்டில் ஒரு ஜூடி, அதாவது ஒரு கட்டு, கொத்திம்பீரின் விலை எகிறுவது அதனால்தான். மற்ற இடங்களிலும் இதே பருவம்தான்: தூத்துக்குடி, விருதுநகர் கரிசல்காட்டு மானாவாரி விவசாயிகள் வடகிழக்குப் பருவமழையை நம்பி விதைக்கிறார்கள். தனியாச் சந்தைக்குப் பேர்போன ராஜஸ்தானின் ராம்கஞ்ச் மண்டி வட்டாரத்திலும் அது குளிர்காலப் பயிர்தான்.

கேள்வி: மெக்சிகோ சமையலில் எல்லாவற்றின் மேலும் கொத்தமல்லி தூவுகிறார்களே, மிளகாய் மாதிரி அதுவும் அங்கிருந்துதான் வந்ததா?
– ஒரு வாசகர், ராஸ்தா பேட், புனே

பதில்: இல்லை, அது நேர் எதிர்த்திசையில் போனது. ஸ்பானியர்கள் அமெரிக்கக் கண்டத்துக்குக் கொண்டுபோனார்கள். மிளகாயைப் போர்த்துக்கீசியர்கள் இங்கே கொண்டுவந்தார்கள். மெக்சிகோவின் சல்சாவில் கொத்தமல்லி வெளியூர், மிளகாய் உள்ளூர். நம் பச்சைச் சட்னியில் இரண்டுமே வெளியூர்தான். மிளகாய் வந்து ஐந்நூறு ஆண்டுதான் ஆகிறது.

கேள்வி: தனியாவை உடைத்துத்தான் விதைக்க வேண்டும் என்கிறார்களே, ஏன்? மளிகைக்கடைத் தனியா முளைக்குமா?
– ஒரு வாசகி, கோத்ரூட், புனே

பதில்: நாம் விதை என்று சொல்லும் உருண்டை உண்மையில் ஒரு காய். உள்ளே இரண்டு விதைகள் முகத்தோடு முகம் ஒட்டி இருக்கின்றன. அப்படியே போட்டாலும் முளைக்கும். ஆனால் பிளந்து போட்டால் தண்ணீர் சட்டென்று உள்ளே போகும், விதை எண்ணிக்கையும் இரட்டிப்பாகும். விவசாயிகள் தரையில் பரப்பிச் செருப்பால் தேய்ப்பார்கள். வீட்டில் சப்பாத்திக் கட்டையை லேசாக உருட்டினால் போதும். அழுத்திவிட்டால் சாம்பார் பொடிதான் மிஞ்சும்.

கடைத் தனியா புதியதாகவும் வறுக்காததாகவும் இருந்தால் தாராளமாக முளைக்கும். இராத்திரி ஊறவைத்து, காலையில் அரை அங்குல ஆழத்தில் விதையுங்கள். முளைவிட எட்டு நாளும் ஆகலாம், இரண்டு வாரமும் ஆகலாம். ஐந்தாம் நாளே மண்ணைக் கிளறிப் பார்க்காதீர்கள். ஆணிவேர்ச் செடி என்பதால் பிடுங்கி நட்டால் சிணுங்கும், ஆகவே வளர வேண்டிய தொட்டியிலேயே விதைப்பது நல்லது. எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டிவிடாமல் பதினைந்து இருபது நாள் இடைவெளியில் ஒவ்வொரு கைப்பிடியாகப் போடுங்கள். கடைசியாகப் பூக்கும் செடிகளைப் பிடுங்காமல் காயவிட்டால், அடுத்த அக்டோபருக்கு விதை கடையில் வாங்க வேண்டியதில்லை.