எழுகூற்றிருக்கையில் ஒரு கடல்

கேள்வி: ஐயா, பினாங்குத் தென்கடலைத் தூர்த்துத் தீவு கட்டுவதைப் பற்றிக் கவிதை எழுதி வருகிறேன். வழக்கமான வரிகள் சலித்துப்போய், சொற்களைச் சிதறவிட்டும் அறிக்கைகளை வெட்டி ஒட்டியும் பார்த்தேன். "இது யாருக்குப் புரியும்? மீனவருக்கு என்ன பயன்?" என்று எங்கள் வாசகர் வட்டத்தின் மூத்தவர் கேட்டுவிட்டார். சோதனைக் கவிதைக்கும் சுற்றுச்சூழல் போராட்டத்துக்கும் உண்மையிலேயே தொடர்பு உண்டா?
– வாசகர், ஆயர் ஈத்தாம்

பதில்: உண்டு. ஆனாலும் மூத்தவர் கேட்டதைத் தட்டிவிடாதீர்கள். மறியலில் உரக்கப் படிக்க எளிய கவிதைதான் வேண்டும். நம் பினாங்குக்காரர், வழக்கறிஞர் செசில் ராஜேந்திரா ஆங்கிலத்தில் அப்படித்தான் எழுதினார். காடழிப்பை எதிர்த்துச் செயல்பட்டதற்காக 1993-இல் அரசு அவருடைய கடப்பிதழையே பறித்தது.

உங்கள் சோதனைக்கு வேறு வேலை இருக்கிறது. இன்று கடலை முதலில் காகிதத்தில்தான் தூர்க்கிறார்கள். மூன்று தீவுகள், 4,500 ஏக்கர் என்று திட்டமிட்டார்கள். சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கைக்கு 2019-இல் ஒப்புதல். மீனவர்கள் மேல்முறையீடு செய்ய, 2021-இல் ரத்து. 2023 ஏப்ரலில் 71 நிபந்தனைகளோடு மீண்டும் ஒப்புதல். பிறகு 2,300 ஏக்கரில் ஒரே தீவாகச் சுருக்கி, செப்டம்பரில் வேலையைத் தொடங்கிவிட்டார்கள். சுங்கை பத்து, தெலுக் கும்பார் மீனவர்களின் இறால் களம் 'தாக்கம்', 'தணிப்பு', 'இழப்பீடு' என்ற சொற்களுக்குள் மறைந்துபோனது. அந்தச் சொற்களைப் பிரித்துக் காட்டச் சோதனைக் கவிதையால் முடியும்.

அமெரிக்கக் கவிஞர் மியூரியல் ருகைசர் 1938-இலேயே இதைச் செய்தார். மேற்கு வர்ஜீனியாவில் சுரங்கப்பாதை குடைந்து, சிலிக்கா தூசியால் நுரையீரல் கெட்டு மாண்ட தொழிலாளர்களைப் பற்றி எழுதும்போது விசாரணைச் சாட்சியத்தையும் மருத்துவர் கூற்றையும் பங்கு விலையையும் கவிதைக்குள்ளேயே வைத்தார். வெட்டி ஒட்டியதாலேயே அது கவிதையாக நின்றது.

நம் மரபிலும் கருவி உண்டு. திருஞானசம்பந்தரும் திருமங்கையாழ்வாரும் பாடிய எழுகூற்றிருக்கையைப் பாருங்கள். ஒன்று, இரண்டு, ஒன்று, பிறகு ஒன்று, இரண்டு, மூன்று, இரண்டு, ஒன்று. இப்படியே ஏழு வரை எண்கள் ஏறி ஏறி இறங்கும். தேர் வடிவில் எழுதிக் காட்டுவார்கள். பினாங்கில் கடல் நாளுக்கு இருமுறை ஏறி இருமுறை வற்றுகிறது. அந்த ஏற்ற இறக்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான யாப்பு எனக்குத் தெரியவில்லை. ஒரு சம்பான், இரு துடுப்பு, மூன்று வலை என்று ஏறுங்கள். அதே வழியில் இறங்குங்கள். ஐந்தாம் படியில் ஏறிக்கொண்டிருக்கும்போதே பாட்டை வெட்டிவிடுங்கள். இறங்கக் காத்திருக்கும் நாக்கு அங்கே முட்டிக்கொள்ளும். கடலைக் காணோம் என்று நீங்கள் புலம்பவே வேண்டாம்.

சொற்களைக் காரணமின்றிச் சிதறவிடுவது வெறும் அலங்காரம். ஒவ்வொரு இடைவெளிக்கும் இந்தக் கரையில் ஒரு காரணம் இருக்க வேண்டும். எது எந்த மாதத்தில் வலையில் விழும், எந்த நீர்மட்டத்தில் சம்பான் புறப்படும் என்பதை மீனவரிடம் கேட்டு எழுதுங்கள்; கற்பனையில் நிரப்பாதீர்கள். அறிக்கையிலிருந்து எடுப்பதை எழுத்து மாறாமல் எடுத்து, பக்க எண்ணையும் அடியில் போடுங்கள். ஒரு சொல்லை மாற்றினாலும் கவிஞர் புனைந்தது என்று தள்ளிவிடுவார்கள்.